பினீசியர் ஊர்கள்: வரைபடத்தில் எங்கே ஊதா அடிப்பது?

கரும்பலகை | சனி, இரவு 8.15

வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பெரிய சார்ட் செய்துகொண்டிருக்கிறேன். மத்தியதரைக் கடலில் பழங்காலப் பினீசியர் அமைத்த ஊர்கள்தான் தலைப்பு. இணையத்தில் வரைபடம் தேடினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒன்றில் லெபனான் கரையிலிருந்து ஸ்பெயின் வரை, வட ஆப்பிரிக்கக் கரை முழுவதும், சார்தீனியா, பாதி சிசிலி எல்லாம் ஒரே ஊதா. இன்னொன்றில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள், அவ்வளவுதான்.

ஒரு மாணவி, "டீச்சர், இவ்வளவு பெரிய நாட்டுக்கு ராஜா யார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அது பேரரசா, வெறும் வியாபாரத் தளங்களா? எந்தப் படத்தைப் பார்த்து நிறம் அடிப்பது? செவ்வாய்க்கிழமை கண்காட்சி.

ஓட்டாஞ்சில்லு | சனி, இரவு 9.02

உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். அப்படி ஒரு ராஜா கிடையாது. தாய்நாட்டிலேயே கிடையாது. இன்றைய லெபனான் கரையில் தீரு, சீதோன், பிப்லோஸ். கொஞ்சம் வடக்கே சிரியக் கரையில் அர்வாத். ஒவ்வொன்றும் தனி ஊர், தனி அரசன், தனிக் கப்பற்படை. கி.மு. 332இல் அலெக்சாண்டர் தீருவை ஏழு மாதம் முற்றுகையிட்டபோது சீதோன், அர்வாத், பிப்லோஸ் கப்பல்கள் அவர் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டன. 'நாமெல்லாம் ஒரே நாட்டுக்காரர்' என்ற எண்ணம் எவ்வளவு இருந்தது என்பதை இதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

'பினீசியர்' என்ற பெயரே கிரேக்கர் வைத்தது. சிவப்பு கலந்த ஊதாச் சாயத்தோடு தொடர்புடைய சொல் என்பது பலர் கருத்து. அவர்களிடமே கேட்டிருந்தால் 'நான் தீருக்காரன்', 'நான் சீதோன்காரன்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். (டயர் என்று எழுதினால் எனக்கு லாரி ஞாபகம் வருகிறது. அதனால் தமிழ் பைபிளில் உள்ள தீரு, சீதோன் என்ற வடிவங்களையே எழுதுகிறேன்.)

மேற்கே போனவர்களில் பெரும்பங்கு தீருக்காரர்கள். ஸ்பெயினில் காதிர், அதாவது இன்றைய காதிஸ். துனிசியாவில் உத்திக்கா, கார்த்தேஜ். மூன்றும் தீருவைத் தாயூராகச் சொன்னவை. தொடங்கிய காலத்தில் இவை எதுவும் உள்நாட்டை ஆளவில்லை. கரையோரம் ஒரு தீவு, ஒரு முனை, ஒரு ஆற்றுமுகம், அவ்வளவுதான் பிடித்த இடம். ஆகவே புள்ளி வைத்த படம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கிழக்குவாசல் | சனி, இரவு 9.20

புள்ளி மட்டும் என்றால் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் யானைகளோடு எங்கிருந்து புறப்பட்டார்? கார்த்தேஜ் சிசிலியின் மேற்குப் பாதியில் படை வைத்திருந்தது, சார்தீனியாவை ஆண்டது, தெற்கு ஸ்பெயினின் வெள்ளிச் சுரங்கங்களைக் கையில் வைத்திருந்தது. ரோமோடு மூன்று போர் நடத்திய அரசைப் புள்ளி என்று சொல்வது அநியாயம்.

ஓட்டாஞ்சில்லு | சனி, இரவு 9.48

அநியாயம்தான், கி.மு. 264இல் நின்று பார்த்தால். கி.மு. 750இல் நின்று பாருங்கள், அதே கார்த்தேஜ் லிபிய மக்களிடம் நிலத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்த ஊர். ஆண்டுதோறும் கட்டிய அந்தப் பணம் பல தலைமுறை கழித்து, கி.மு. 5ஆம் நூற்றாண்டில்தான் நின்றது என்று ரோமானிய எழுத்தாளர் ஜஸ்டின் சொல்கிறார். வாடகைக்குக் குடியிருந்தவன் பின்னால் தெருவையே வாங்கிப்போட்டான். இணைய வரைபடங்கள் இந்த 500 வருடத்தை ஒரே தாளில் அமுக்கிவிடுகின்றன. சண்டை முழுக்க அதனால்தான்.

ஆசிரியைக்கு என் யோசனை: ஒரு படம் போதாது, இரண்டு போடுங்கள். முதல் படத்தில் கி.மு. 750, புள்ளிகள் மட்டும். இரண்டாவதில் கி.மு. 264, கார்த்தேஜைச் சுற்றி நிறம். இரண்டாவது படம் வரும்போது தாயூர்க்காரர்கள் அசீரியா, பாபிலோன், பாரசீகம், அலெக்சாண்டர் என்று வரிசையாகப் பலர் கைக்கு மாறியிருந்தார்கள். மேற்கே இருந்த ஊர்களுக்குத் தலைமகனாகக் கார்த்தேஜ் வந்துவிட்டது. அந்தக் காலத்தைத்தான் 'பியூனிக்' என்று தனிப்பெயர் போட்டுச் சொல்கிறோம்.

நங்கூரம் | சனி, இரவு 11.10

நான் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சரித்திரம் முறையாகப் படித்ததில்லை. ஆனால் இந்த ஊர்களில் சிலவற்றைக் கடலிலிருந்து பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து பார்த்தால்தான் இவர்கள் ஏன் அந்த இடங்களைப் பிடித்தார்கள் என்பது புரியும்.

தீரு அந்தக் காலத்தில் தீவு. அலெக்சாண்டர் கல்லையும் மண்ணையும் கொட்டிப் பாதை போட்டார். அதன் மேல் மணல் சேர்ந்து சேர்ந்து இன்று அது கரையோடு ஒட்டிவிட்டது. அர்வாத் இன்றும் தீவு. அடுத்து மேற்கே பாருங்கள். சிசிலியில் மோத்தியா, ஆழமில்லாத காயலுக்குள் சுமார் 45 ஹெக்டேர் மட்டுமே உள்ள தீவு. சார்தீனியாவில் சுல்கிஸ், அதுவும் கரையை ஒட்டிய தீவில்தான். காதிர் அன்றைக்குத் தீவுக்கூட்டம். ஜிப்ரால்டர் தாண்டி மொராக்கோவில் மொகதோர், அதுவும் தீவு. ஊரைவிட்டு 4,000 கிலோமீட்டர் போயும் பிறந்த ஊர் மாதிரியே ஒரு இடத்தைத் தேடிப்பிடித்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. கரையிலுள்ளவன் பகையாளியானால் நடுவில் தண்ணீர் இருக்கிறது. அப்புறம் காற்று. ஒரு பக்கம் காற்று அடித்தால் மறுபக்கம் போய்ப் படகைக் கட்டலாம். தீருவுக்கே வடக்கில் ஒரு துறைமுகம், தெற்கில் ஒரு துறைமுகம்.

ஆனால் தீவில் குடிதண்ணீருக்கு என்ன செய்வது? அர்வாத்துக்காரர்கள் செய்ததைப் பழைய கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துவைப்பார்கள், கரையிலிருந்தும் கொண்டுவருவார்கள். போர்க்காலத்தில் கரைக்குப் போக முடியாதல்லவா? தீவுக்கும் கரைக்கும் நடுவே கடலுக்கு அடியில் ஒரு நன்னீர் ஊற்று இருந்தது. படகில் போய், வாய் அகன்ற ஈயப் புனலைக் கவிழ்த்து அந்த ஊற்றின் மேல் இறக்குவார்கள். புனலின் குறுகிய முனையில் தோல்குழாய் கட்டியிருக்கும். ஊற்றின் வேகத்தில் தண்ணீர் குழாய் வழியே மேலே ஏறும். முதலில் வருவது உப்புத்தண்ணீர். அதை விட்டுவிட்டு நல்ல தண்ணீர் வரும்வரை காத்திருந்து பிடிப்பார்கள். பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. எஞ்சின் ரூம்காரன் என்ற முறையில் தொப்பியைக் கழற்றுகிறேன்.

இன்னொன்று. ஜிப்ரால்டர் நீரிணையில் மேல்மட்ட நீரோட்டம் அட்லாண்டிக்கிலிருந்து உள்ளே, கிழக்கு நோக்கி வருகிறது. பாய்க்கப்பல் வெளியே போக வேண்டுமானால் கிழக்குக் காற்று கிளம்பும்வரை எங்கேயாவது ஒதுங்கி நிற்க வேண்டும். அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஸ்பெயினின் தென்கரையில் மலாகா முதல் கிழக்கே அடுத்தடுத்து அத்தனை சிற்றூர்களை ஏன் அமைத்தார்கள் என்று யோசித்தால் எனக்கு இந்தக் காத்திருப்புதான் தோன்றுகிறது. அறிஞர்களிலும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு.

கரும்பலகை | ஞாயிறு, காலை 6.30

நங்கூரம் ஐயா, அந்த ஈயப் புனலைப் பிள்ளைகளைக் கொண்டு படம் வரையச் சொல்லப்போகிறேன். மிக்க நன்றி.

தென்கரைச் சிற்றூர்களின் பெயர்களைத் தர முடியுமா?

ஓட்டாஞ்சில்லு | ஞாயிறு, காலை 8.05

மேற்கிலிருந்து கிழக்காக: மலாகா, தொஸ்கானோஸ், மோரோ தெ மெஸ்கித்தியா, அல்முன்யேகர், அத்ரா. இதில் இரண்டாவதும் மூன்றாவதும் இன்றைய அகழாய்வு மேடுகளின் பெயர்கள், பழம்பெயர் தெரியாது. அல்முன்யேகரின் பழம்பெயர் செக்ஸி. ஒன்பதாம் வகுப்பு சார்ட் என்பதால் இன்றைய பெயரையே எழுதிவிடுங்கள்.

நங்கூரம் ஐயா சொன்ன 'காற்றுக்குக் காத்திருந்த இடங்கள்' விளக்கம் பாதிதான் என்பது என் கருத்து. தொஸ்கானோஸ் பக்கம் ஆற்றுப் பள்ளத்தாக்கு நல்ல விளைநிலம். பெரிய கிட்டங்கி ஒன்றும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வந்தவர்களில் உழுது பிழைக்க வந்தவர்களும் இருந்திருக்க வேண்டும். எல்லோரையும் வியாபாரி ஆக்கிவிடக் கூடாது.

அத்திப்பழம் | ஞாயிறு, காலை 9.15

மாட்டுத்தோல் கதையை யாரும் சொல்லவில்லையே! தீருவின் இளவரசி எலிசா, சகோதரன் பிக்மாலியனுக்குப் பயந்து ஓடிவருகிறாள். 'ஒரு மாட்டுத்தோல் மூடுகிற அளவு இடம் போதும்' என்று ஆப்பிரிக்கக் கரையில் நிலம் கேட்கிறாள். கொடுத்தவுடன் தோலை இழை இழையாக நறுக்கி ஒரு குன்றையே வளைத்துவிடுகிறாள். அதுதான் கார்த்தேஜின் பிர்சாக் குன்று. பத்திரப்பதிவில் முதல் மோசடி!

ஓட்டாஞ்சில்லு | ஞாயிறு, காலை 9.40

அருமையான கதை. ஆனால் 'பிர்சா' கிரேக்கத்தில் தோல் என்று பொருள்படும் சொல். செமிட்டிக் ஊர்ப்பெயரைக் காதில் வாங்கிய கிரேக்கர்கள் அதற்கு ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். எலிசாவை மட்டும் துனிசியர்கள் விடவில்லை. அவர்களுடைய 10 தினார் நோட்டில் அவள் முகம் வந்திருக்கிறது. ஹன்னிபாலுக்கு 5 தினார்.

கரும்பலகை | ஞாயிறு, காலை 10.20

ஆண்டுகள் விஷயத்திலும் குழப்பம். காதிஸ் கி.மு. 1100 என்று ஒரு பக்கம், கி.மு. 800 என்று இன்னொரு பக்கம். எதை எழுத?

ஓட்டாஞ்சில்லு | ஞாயிறு, காலை 11.30

இரண்டு வகைத் தேதி இருக்கிறது. ஒன்று, கிரேக்க ரோமானிய எழுத்தாளர்கள் சொன்னது: காதிரும் உத்திக்காவும் கி.மு. 1100 வாக்கில், கார்த்தேஜ் கி.மு. 814. மற்றது, மண்ணிலிருந்து கிடைப்பது. காதிஸ் நகரில் பழைய நாடக அரங்கு ஒன்றின் அடியில் தோண்டியபோது வெளிப்பட்ட வீடுகள் கி.மு. 9ஆம் நூற்றாண்டின் கடைசியோடு நிற்கின்றன. அதே ஸ்பெயினில் வெல்வா என்ற ஊரில் கிடைத்த பானை ஓடுகள் அதற்கும் சற்று முந்தையவை. 1100 வரை போகிற ஆதாரம் அங்கே எதுவும் கிடைக்கவில்லை. கார்த்தேஜுக்கு மட்டும் கரிமத் தேதிகள் 814க்குப் பக்கத்தில் வந்து நின்றன. பழைய கதை அங்கே தப்பித்தது.

கல்லில் எழுத்தாகக் கிடைத்தவற்றில் மேற்கே மிகப் பழையது சார்தீனியாவின் நோரா கல்வெட்டு. கி.மு. 9 அல்லது 8ஆம் நூற்றாண்டு. அதில் சார்தீனியாவின் பெயரே வருகிறது.

சார்ட்டில் 'மரபுப்படி', 'அகழாய்வுப்படி' என்று இரண்டு பத்தி போட்டுவிடுங்கள்.

மெழுகுதிரி | ஞாயிறு, மதியம் 1.50

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து இந்த இழையைப் பார்க்கிறேன். எசேக்கியேல் 27ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தீருவை ஒரு கப்பலாக வர்ணித்து, அது மூழ்குவதை ஒப்பாரியாகப் பாடுகிறார் தீர்க்கதரிசி. சனீர் மலையின் மரத்தில் பலகை, லீபனோனின் கேதுருவில் பாய்மரம், பாசானின் கர்வாலி மரத்தில் துடுப்பு. அப்புறம் எந்த ஊரிலிருந்து என்ன சரக்கு வந்தது என்று நீளமான பட்டியல். தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம். பிடிக்காதவர்களே இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறார்கள்.

அதோடு சாலொமோனுக்கு மயில் கொண்டுவந்த கப்பல்கள் உண்டு. மயிலுக்கு எபிரேயத்தில் உள்ள 'துக்கி' நம் 'தோகை'தான் என்று கால்டுவெல் எழுதியிருக்கிறார்.

கிழக்குவாசல் | ஞாயிறு, மதியம் 2.05

அப்படியானால் பினீசியரே தமிழரிடம் கப்பல் கட்டக் கற்றவர்கள் என்று…

நெறியாளர் | ஞாயிறு, மதியம் 2.20

வேண்டாம். 'தோகை' பற்றி ஏற்கெனவே இரண்டு இழைகள் பூட்டிக் கிடக்கின்றன. இங்கே மத்தியதரைக் கடல் மட்டும்.

ஓட்டாஞ்சில்லு | ஞாயிறு, மாலை 4.00

மெழுகுதிரி காட்டிய அந்த வெள்ளி, தகரம், ஈயத்தில்தான் இவ்வளவு தூரம் போனதற்கான விடை இருக்கிறது. தர்ஷீஸ் என்பது தெற்கு ஸ்பெயின் பக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கே ரியோ திந்தோ சுரங்கங்கள் உண்டு. சில்லறைச் சாமான்களைக் கொடுத்து வெள்ளி வாங்கினார்கள், கப்பலில் இடம் போதாமல் ஈய நங்கூரத்தைக் கழற்றிவிட்டு வெள்ளியில் நங்கூரம் செய்து மாட்டிக்கொண்டு திரும்பினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் சொல்கிறார். கதைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இவர்களைப் பற்றி எப்படிப் பொறாமைப்பட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கார்த்தஹேனாவுக்குப் பக்கத்தில் பாஹோ தெ லா கம்பானா என்ற பாறையில் மோதி முழுகிய கப்பலைக் கடலடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள், கி.மு. 7ஆம் நூற்றாண்டு. தகரக் கட்டிகள், ஈயத் தாது, யானைத் தந்தங்கள். சில தந்தங்களில் பினீசிய எழுத்தில் பெயர் கீறியிருக்கிறது. எசேக்கியேல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தமாதிரி இருக்கும்.

ஏன் இவ்வளவு வெள்ளி? அசீரிய மன்னர்கள் கப்பம் கேட்டு நெருக்கியதால்தான் ஓடி ஓடித் தேடினார்கள் என்பது ஒரு கட்சி. அசீரியா அவ்வளவு நெருக்குவதற்கு முன்பே மேற்கே போய்விட்டார்கள், தீருவின் சொந்த ஆசைதான் காரணம் என்பது மறு கட்சி. தேதிகள் முன்னால் நகர நகர நான் இரண்டாவது கட்சிக்குச் சாய்ந்துகொண்டிருக்கிறேன்.

நங்கூரம் | ஞாயிறு, மாலை 6.25

வியாபாரம் என்றதும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் சொன்னது நினைவுக்கு வருகிறது. ஜிப்ரால்டருக்கு அப்பால் ஆப்பிரிக்கக் கரையில் கார்த்தேஜ்காரர்கள் சரக்கைக் கடற்கரையில் வரிசையாக இறக்கி வைப்பார்கள். கப்பலுக்குத் திரும்பிப் புகை போடுவார்கள். புகையைப் பார்த்து ஊர்க்காரர்கள் வந்து, சரக்குக்கு எதிரே தங்கத்தை வைத்துவிட்டு விலகிப் போவார்கள். இவர்கள் இறங்கிவந்து பார்த்து, போதும் என்றால் தங்கத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். போதாது என்றால் மறுபடி கப்பலில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் வந்து இன்னும் கொஞ்சம் வைப்பார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதுகூட இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றியதில்லையாம்.

பேரம் பேசத் தெரியாத எனக்கு ஏற்ற சந்தை.

கிழக்குவாசல் | ஞாயிறு, இரவு 8.40

இவ்வளவு பெருமை பாடுகிறோமே, 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வை யாராவது பார்த்தீர்களா? பினீசிய, பியூனிக் ஊர்களின் கல்லறைகளிலிருந்து சுமார் 200 பேரின் டிஎன்ஏ. மேற்குப் பகுதிக் கல்லறைகளில் லெபனான் பக்கத்து வம்சாவளி அநேகமாக இல்லவே இல்லை. பெரும்பகுதி சிசிலி, ஏஜியன் கடல் பக்கத்து மக்களை ஒத்தது, அதோடு வட ஆப்பிரிக்கக் கலப்பு. ஆக, பினீசியர் அங்கே குடியேறவே இல்லை. இழைத் தலைப்பையே மாற்ற வேண்டும்.

ஓட்டாஞ்சில்லு | ஞாயிறு, இரவு 9.30

பார்த்தேன். நல்ல ஆய்வு. நீங்கள் எடுத்த முடிவு மட்டும் அதில் இல்லை.

முதலில், அந்த எலும்புகள் பெரும்பாலும் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தையவை. அதற்கு முந்தைய தலைமுறைகள் பிணத்தை எரிப்பதே அதிகம். எரித்த எலும்பில் டிஎன்ஏ கிடைப்பது அரிது. வந்திறங்கிய முதல் கூட்டம் இந்த ஆய்வில் அநேகமாக இல்லை.

இரண்டாவது, அந்தக் கல்லறைக்காரர்கள் என்ன மொழியில் எழுதினார்கள்? பினீசிய மொழியில். யாரைக் கும்பிட்டார்கள்? பால் ஹம்மோன், தானித், மெல்கார்த். பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ஹன்னிபால், அதாவது 'பால் என்ற தெய்வத்தின் அருள்'. முப்பாட்டன் லெபனானில் பிறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இவ்வளவும் நடந்திருக்கிறது. ஒரு சிறு கூட்டம் வந்து ஊர் வைத்தது. சுற்றுவட்டாரத்திலிருந்தும் எதிர்க்கரையிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். சேர்ந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் ஆனார்கள். எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. வெறும் படையெடுப்பைவிட இது சுவாரசியமான விஷயம்.

ரோம் வந்த பிறகும் அந்த மொழி சாகவில்லை. லிபியாவின் லெப்திஸில் பிறந்த செப்டிமியஸ் செவேரஸ் ரோமின் பேரரசராகவே ஆனார். ஆனால் அவருடைய சகோதரிக்கு லத்தீன் சரியாக வராமல் சபையில் சங்கடமாகிவிட்டதாம். கி.பி. 400 வாக்கிலும் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின், தன் ஊர்ப்பக்கத்துக் குடியானவர்களை நீங்கள் யார் என்று கேட்டால் 'கானானியர்' (பினீசியரின் தாய்நாட்டுக்குக் கானான் என்றும் பெயர்) என்கிறார்கள் என்று எழுதுகிறார்.

கிழக்குவாசல் | ஞாயிறு, இரவு 9.55

எரித்த எலும்பு விஷயம் எனக்குத் தெரியாது. 'குடியேறவே இல்லை' என்பதை வாபஸ் வாங்குகிறேன். தலைப்பு இருக்கட்டும்.

கரும்பலகை | திங்கள், காலை 7.10

ஒரு தர்மசங்கடம். கார்த்தேஜில் குழந்தைகளைப் பலியிட்டார்கள் என்று ஒரு மாணவன் எங்கேயோ படித்துவிட்டு வந்து வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டான். உண்மையா? சார்ட்டில் போடலாமா?

ஓட்டாஞ்சில்லு | திங்கள், காலை 8.30

தொபெத் என்பார்கள். கார்த்தேஜில் 1921இல் கண்டுபிடித்த இடம். ஆயிரக்கணக்கான தாழிகள், உள்ளே எரிந்த சிசு எலும்புகள், சிலவற்றில் ஆட்டுக்குட்டி எலும்புகள். மேலே நேர்த்திக்கடன் செலுத்தியதாகச் சொல்லும் கல்வெட்டுகள். கி.மு. 310இல் எதிரி வாசலுக்கு வந்தபோது மேட்டுக்குடிப் பிள்ளைகள் 200 பேரைப் பலியிட்டதாகத் தியோதோரஸ் எழுதுகிறார்.

348 தாழிகளை ஆராய்ந்த ஒரு குழு 2010இல், பல குழந்தைகள் பிறப்பதற்கு முன்போ பிறந்தவுடனோ இறந்தவை, இது சிசுக்களுக்கான தனி மயானம் என்றது. மற்றொரு குழு, எரிந்த பல்லின் அளவை நீங்கள் தவறாகக் கணித்துவிட்டீர்கள், வயது ஒன்றிரண்டு மாதத்தில் குவிகிறது, அது பலியைத்தான் காட்டுகிறது என்றது. சண்டை ஓயவில்லை. கல்வெட்டுகளில் உள்ள 'என் குரலைக் கேட்டார், அதனால்' என்ற வாசகத்தைப் படிக்கும்போது எனக்குப் பலி என்றுதான் தோன்றுகிறது. தோன்றுகிறது என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அத்திப்பழம் | திங்கள், காலை 8.50

வேண்டாத குழந்தையைக் குப்பைமேட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள்தானே ரோமானியர்? அவர்கள் இதைச் சொல்லித் திட்டியதுதான் வேடிக்கை.

கிழக்குவாசல் | திங்கள், காலை 9.05

அவன் செய்தான் என்றால் இவன் செய்தது சரியாகிவிடுமா? தோற்றவர் என்பதற்காக எல்லாவற்றையும் வெள்ளையடிக்காதீர்கள். தாழியில் இருப்பது எலும்பு, எதிரியின் பிரசாரம் இல்லை.

மெழுகுதிரி | திங்கள், காலை 9.30

இந்த ஒரு தடவை கிழக்குவாசல் பக்கம் நிற்கிறேன். ஆனால் டீச்சர், சார்ட்டில் வேண்டாம். கேட்கிற பிள்ளைக்கு மட்டும் வாயால் சொல்லுங்கள், இரண்டு தரப்பையும்.

கரும்பலகை | திங்கள், மதியம் 12.45

அப்படியே செய்கிறேன். இன்னொன்று, கடைசிப் பகுதியில் 'கி.மு. 146இல் ரோமானியர் கார்த்தேஜை எரித்து, நிலத்தில் உப்பைத் தூவி உழுதனர்' என்று மாணவர்கள் எழுதிவிட்டார்கள். சரிதானே?

அத்திப்பழம் | திங்கள், மதியம் 1.00

எரித்தது சரி. உப்பு தப்பு! பண்டைய எழுத்தாளர் ஒருவரும் உப்பைச் சொல்லவில்லை. பிற்காலப் புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிப் பரப்பியது. கொஞ்சம் யோசித்தாலும் தெரியும்: உப்பு அன்று விலை உள்ள சரக்கு, நிலமோ ரோமுக்கே தேவைப்பட்ட நிலம். பிற்பாடு அதே இடத்தில் புது நகரம் கட்டி, அந்தப் பக்கத்துக் கோதுமையில்தான் ரோம் சாப்பிட்டது.

நிலத்தின் மேல் அவர்களுக்கு இருந்த கண்ணுக்கு இன்னொரு சாட்சி உண்டு. நகரம் விழுந்தபோது நூலகங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்ட ரோமானிய செனட், ஒரே ஒரு நூலை மட்டும் லத்தீனில் மொழிபெயர்க்க ஆணையிட்டது. கார்த்தேஜ்காரர் மாகோ எழுதிய விவசாய நூல், 28 பகுதி. அதுவும் இன்று முழுதாக இல்லை, மற்றவர்கள் எடுத்தாண்ட துணுக்குகள்தான். அவர்கள் கதையை அவர்கள் வாயாலேயே கேட்க நமக்கு வழி இல்லாமல் போனதில் அந்த நூலகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

என் புனைபெயரும் இந்தச் சண்டையிலிருந்து வந்ததுதான். ரோமானிய அரசியல்வாதி கேட்டோ செனட்டில் ஒரு புது அத்திப்பழத்தைக் காட்டி, இது கார்த்தேஜில் பறித்து மூன்றே நாள் ஆகிறது, எதிரி அவ்வளவு பக்கத்தில் இருக்கிறான் என்றாராம்.

ஆனால் 1985 பிப்ரவரியில் ரோம் மேயரும் கார்த்தேஜ் மேயரும் உட்கார்ந்து சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2,130 வருடம் கழித்து. நம்ம ஊர் வாய்க்கால் வழக்குகள் இதற்குப் பரவாயில்லை.

நங்கூரம் | திங்கள், இரவு 10.15

நாளைக்குக் கண்காட்சி என்பதால் ஒரு கதை சொல்லி விடைபெறுகிறேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

காதிஸில் 1887இல் ஒரு பளிங்குச் சவப்பெட்டி கிடைத்தது. மூடியில் தாடி வைத்த ஆண் உருவம், கி.மு. 5ஆம் நூற்றாண்டு, சீதோன் பாணி. பிற்காலத்தில் அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக வந்த பெலாயோ கிந்தேரோ, இதற்கு ஜோடியாக ஒரு பெண் சவப்பெட்டி எங்கேயோ இருக்க வேண்டும் என்று நம்பினார். வருடக்கணக்காகத் தோண்டினார். கிடைக்கவே இல்லை. 1946இல் இறந்துபோனார்.

1980இல் ஒரு மனையில் கட்டட வேலைக்காக மண் அள்ளியபோது அந்தப் பெண் சவப்பெட்டி வெளியே வந்தது. அது கிந்தேரோ குடியிருந்த வீடு இருந்த மனை. ஆள் அதற்கு மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்.

இரண்டும் இப்போது காதிஸ் அருங்காட்சியகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கப்பல் அங்கே நின்ற ஒரு நாளில் நான் நேரில் பார்த்தேன். அந்த அம்மாவின் கையில் சின்ன வாசனைக் குப்பி ஒன்று இருக்கும், கவனித்துப் பார்க்க வேண்டும்.

கரும்பலகை | செவ்வாய், இரவு 9.05

கண்காட்சி முடிந்தது. இரண்டு படமும் போட்டோம். முதல் படத்தில் நிறமே அடிக்கவில்லை. கடலை மட்டும் நீலமாக்கி, ஊர்களுக்கு ஊதாப் பொட்டு ஒட்டினோம். காதிரிலிருந்து தீரு வரை 17 பொட்டு. இரண்டாவது படத்தில் கார்த்தேஜ் பக்கம் மட்டும் ஊதா.

ஊதாச் சாயம் பற்றி ஒரு ஓரத்தில் எழுதியிருந்தோம். 1909இல் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் 12,000 கடல் நத்தைகளை உடைத்து 1.4 கிராம் சாயம்தான் எடுத்தார் என்பதைப் படித்துவிட்டு ஒரு பெற்றோர், "அந்தத் தெருவில் எப்படிக் குடியிருந்தார்கள்?" என்று மூக்கைப் பிடித்துக் காட்டினார். எல்லோரும் நின்று பார்த்தது ஈயப் புனல் படத்தைத்தான். இரண்டு பையன்கள் பிளாஸ்டிக் புனலும் ரப்பர் குழாயும் வைத்து வாளியில் செய்து காட்ட முயன்று வராந்தாவை நனைத்துவிட்டார்கள்.

ராஜா யார் என்று கேட்ட மாணவிதான் சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்று விளக்கினாள். தலைமையாசிரியர் வந்து, "இது யாருடைய நாடும்மா?" என்று கேட்டார். "இது நாடு இல்லை சார், ஊர்கள்" என்றாள்.

நங்கூரம் | செவ்வாய், இரவு 9.20

வாளியில் ஊற்று எங்கே இருந்து வரும்? அடியிலிருந்து குழாயில் தண்ணீர் விட்டுச் செய்யச் சொல்லுங்கள், மேலே ஏறும்.

கரும்பலகை | செவ்வாய், இரவு 9.26

நாளைக்கே சொல்கிறேன் ஐயா. வராந்தாவில் வேண்டாம், மைதானத்தில்.